பாலும் ஹாலும்: தாளவாடி மலையில் ஒரு வாரம்

சத்தியமங்கலத்துக்கு மேலே, மலைக்கு அந்தப் பக்கம், தாளவாடி என்று ஓர் ஊர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், ‘கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு லாரி வருமே, அந்த ஊரா?’ என்பார்கள். இல்லாவிட்டால், 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப் போன சம்பவத்தை நினைவுபடுத்துவார்கள். அது நடந்த தொட்டகாஜனூர், தாளவாடிக்குப் பக்கத்துக் கிராமம்தான். ஆனால் நான் இங்கே எழுதப் போவது கடத்தல் கதை அல்ல. ஆறு வயதும் ஏழு வயதுமான பொடிசுகள் காலையில் ஒரு மொழியில் கண் விழித்து, பகலில் இன்னொரு மொழியில் பாடம் படித்து, நடுநடுவே இங்கிலீஷ் ரைம்ஸும் சொல்கிற கதை.

என் ஓரகத்தியின் மகள் அங்கே ஒரு சின்ன அரசு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். “பெரியம்மா, ஒரு தடவை வந்துதான் பாருங்களேன். இங்கே குழந்தைங்க பேசறதைக் கேட்டாலே உங்களுக்குப் பொழுது போயிடும்” என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனேன். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் எழுதவில்லை.

சத்தியிலிருந்து பண்ணாரி அம்மன் கோவில் வரை சமவெளி. அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டிகள் மலை ஏறும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின் சீட்டில் அக்காவும் தம்பியுமாக இரண்டு குழந்தைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். பத்தாவது வளைவில் தம்பி “பத்து!” என்று கத்தினான். அக்கா, “ஹத்து!” என்று அவனை முந்தினாள். இருவரும் சண்டை போடவில்லை. அடுத்த வளைவுக்குக் காத்திருந்தார்கள்.

மேலே ஏறிவிட்டால் காற்றே வேறு. இது புலிகள் காப்பகக் காடு, 2013-ல் அறிவித்தார்கள். இரவில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆகையால் பகலிலேயே ஏறி, பகலிலேயே இறங்கத் திட்டம் போடுங்கள். காடு விலகினால் கண்ணுக்கெட்டிய தூரம் ராகியும் கோஸும் உருளைக்கிழங்கும். வயலைச் சுற்றி மின்வேலி, மரத்தின் மேல் பரண். யானைக்குக் கோஸ் என்றால் அவ்வளவு பிரியமாம்! ராத்திரியெல்லாம் பரணில் உட்கார்ந்து கூச்சல் போட்டு விரட்டுகிறார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் காதில் விழுவது கன்னடம். மளிகைக் கடையில் கன்னடம், பஸ் நிலையத்தில் தமிழும் கன்னடமும் கலந்து. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மலையும் இதற்கு அப்பால் உள்ள கொள்ளேகாலமும் சேர்ந்தே கோயமுத்தூர் ஜில்லாவில், சென்னை ராஜ்யத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது கொள்ளேகாலம் மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. தாளவாடி இந்தப் பக்கம் தங்கிவிட்டது. கோடு நகர்ந்தது, அடுப்படியில் பேசுகிற பேச்சு நகரவில்லை. அதே 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சிறுபான்மை மொழி பேசும் குழந்தைகளுக்கு ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியிலேயே பாடம் சொல்லித்தர வசதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வகையில் தாளவாடி வட்டாரத்தில் கன்னட வழி அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால், ‘நாளைக்குக் காலேஜ், வேலை எல்லாம் ஈரோடு, கோயமுத்தூர்தானே’ என்று எண்ணிப் பல பெற்றோர் தமிழ் வழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். என் மகள் முறையாகும் இந்த டீச்சருக்கு வாய்த்திருப்பது அப்படிப்பட்ட வகுப்பு. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் கன்னடம். மலைச்சரிவிலிருந்து வரும் சோளகர் வீட்டுக் குழந்தைகள் சிலருக்கு அவர்களுடைய பேச்சு, அது கன்னடத்துக்குக் கிட்டத்து உறவு.

முதல் நாள் காலையில் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சுடச்சுடக் கிச்சடி. (முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து கிராமத்து அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது என்பது நமக்குத் தெரியாதா?) நான் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குட்டிப் பெண் என்னிடம் ஓடி வந்து, வாயைத் திறந்து காட்டி, “ஹல்லு பித்து!” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பித்தா? டீச்சர் சிரித்துக்கொண்டே, “பல்லு விழுந்துடுச்சாம் பெரியம்மா. கன்னடத்திலே பித்துன்னா விழுந்ததுன்னு அர்த்தம்” என்றாள்.

பல் – ஹல்லு. பஸ்ஸில் கேட்ட பத்து – ஹத்து. சுவரில் பார்த்தால், குழந்தைகளே எழுதி ஒட்டிய ஒரு நீளக் காகிதம்! இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கன்னடச் சொல், ஆனால் தமிழ் எழுத்தில். பால் – ஹாலு. புலி – ஹுலி. பாம்பு – ஹாவு. பூ – ஹூவு. புல் – ஹுல்லு. பெண் – ஹெண்ணு. பன்றி – ஹந்தி. பசி – ஹசிவு. கடைசியில் யாரோ ஒரு குறும்புக்காரி சேர்த்திருந்தாள்: பேன் – ஹேனு!

“இதை யாரும் சொல்லிக் கொடுக்கலை பெரியம்மா. ரெண்டாங் கிளாஸ் பையன் ஒருத்தன் ஒரு நாள் தானா எழுந்து நின்னு, ‘டீச்சர், நீங்க ப-ன்னு சொல்றதையெல்லாம் நாங்க ஹ-ன்னு சொல்றோம்’னான். அன்னிக்கு ஒட்டினதுதான் இந்தப் பேப்பர்” என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பழைய கன்னடத்திலும் ‘பாலு’, ‘புலி’தான், பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல அந்தப் பகரம் ஹகரமாயிற்று. தென்னிந்திய மொழிகளை இப்படி அருகருகே வைத்துப் பார்த்துத்தான் கால்டுவெல் 1856-ல் அவ்வளவு பெரிய ஒப்பிலக்கணம் எழுதினார். இந்த மலையில் ஒரு ஏழு வயதுப் பிள்ளை கோலிக்குண்டு விளையாடுகிற கையோடு அதில் ஒரு விதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்!

விதி கிடைத்துவிட்டதா, அதை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்ப்பதுதானே குழந்தை? ஒரு வாண்டு, “பஸ்ஸுன்னா ஹஸ்ஸு!” என்றதாம். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்திருக்கிறது. ஏனென்றால் கன்னடத்தில் ‘ஹசு’ என்றால் பசு. ‘பள்ளி’யை மாற்றினால் ‘ஹள்ளி’ வருகிறது. அது கன்னடத்தில் கிராமம். பள்ளிக்கூடத்துக்குக் கன்னடத்தில் ‘சாலெ’, அது தமிழ்க் காதில் ‘சாலை’ என்று விழும். 2022-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். இங்கே ‘மொட்டு’ நிலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பாணி. கன்னடத்தில் ‘மொட்டெ’ என்றால் முட்டை!

வெறும் வேடிக்கை என்று இதை நினைத்துவிடாதீர்கள். ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு குழந்தையின் மூளையில் நடக்கிற மிகப் பெரிய காரியங்களில் ஒன்று இதில் இருக்கிறது. சின்னக் குழந்தைக்குச் சொல்லும் பொருளும் ஒன்றுதான். பால் என்ற பெயர் பாலோடு ஒட்டிப் பிறந்தது என்றே அது நினைக்கும். பெயர் வேறு, பொருள் வேறு, பெயருக்குள் ஓசைகள் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும். ‘படம்’ என்ற சொல்லைப் ப, ட, ம் என்று காதால் உடைக்கத் தெரியாத பிள்ளைக்கு, கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் அது கோலம்தான்.

ருஷ்ய நாட்டு அறிஞர் வைகோத்ஸ்கியின் பெயர் பெற்ற புத்தகம் 1934-ல் வெளியாயிற்று. அதில் ஒரு சின்னச் சோதனை வருகிறது. நாய்க்குப் பசு என்று பெயர் மாற்றிவிட்டோம், அதற்குக் கொம்பு இருக்குமா என்று குழந்தைகளைக் கேட்பது. ‘இருக்கும், பசுதானே? சின்னக் கொம்பாவது இருக்கும்’ என்கிறது சிறு குழந்தை. பெயரை மாற்றினால் பொருளும் மாறிவிடுகிறது அதற்கு! நாங்களும் ஒரு சாயங்காலம் திண்ணையில் அவரை உரித்துக்கொண்டே இந்த விளையாட்டை விளையாடினோம். “இனிமே பாலுக்குப் பேரு தண்ணி. தண்ணிக்குப் பேரு பாலு. மாடு என்ன கறக்கும்?” “தண்ணி!” “அது என்ன நிறம்?” இரண்டாம் வகுப்புப் பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல் “வெள்ளை” என்றது. அங்கன்வாடிக்குப் போகும் அதன் தம்பி மட்டும், “தண்ணிக்கு நிறமே இல்லை” என்று அழாத குறையாகச் சாதித்தான். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். அவன் சொன்ன பதில் வந்தால் கவலைப்படாதீர்கள், அதற்கு வயது வரவேண்டும், அவ்வளவுதான்.

ஒரே பொருளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வளர்கிற பிள்ளை இந்தப் படியைத் தினமும் ஏறி இறங்குகிறது. ஒரு காலத்தில், இரண்டு மொழி பேசினால் குழந்தையின் அறிவு குழம்பிவிடும் என்று மேல்நாட்டில் படித்தவர்களே நம்பினார்கள். 1962-ல் கனடாவில் மான்ட்ரியால் நகரத்தில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முன்னால் நிற்கிறார்கள் என்று காட்டினார்கள். அதற்காக, இரண்டு மொழி தெரிந்தாலே மேதாவி என்று கிளம்பிவிட வேண்டாம். இதனால் அறிவுக்கு எவ்வளவு லாபம் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் கெடுதல் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்த ஒரு தாய்.

அவருடைய மகள் ஒன்றாம் வகுப்பு. ஜூன் மாதம் சேர்ந்தவள் தீபாவளி வரை வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். கூப்பிட்டால் வருவாள், எழுதச் சொன்னால் எழுதுவாள், பேச்சு மட்டும் கிடையாது. உறவுக்காரர் ஒருவர், “பிள்ளை மந்தம்” என்று சொல்லிவிட்டார். படித்த ஒருவர், “வீட்டிலே கன்னடத்தை நிறுத்துங்க. தமிழ்லயே பேசுங்க, முடிஞ்சா இங்கிலீஷ்ல பேசுங்க. இல்லாட்டி இது தேறாது” என்று பயமுறுத்தியிருக்கிறார். வீட்டுக்காரரோ, காலையில் வேன் வந்து கூட்டிப் போகிற இங்கிலீஷ் மீடியத்துக்கே மாற்றிவிடலாம் என்கிறார். அந்த அம்மா ரவிக்கைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டார்: “எனக்குத் தமிழு சந்தையில பேசற அளவுக்குத்தானுங்க வரும். அதுல நான் எப்படிங்க புள்ளைகிட்டே பேசறது? பேசாம இருந்தா அது என்னை விட்டுப் போயிராதுங்களா?”

டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “வீட்டிலே பேசறாளா?”

“ஐயோ, வீட்டுல வாயே மூட மாட்டாங்க! அவங்க அஜ்ஜிகிட்டே கதை கேட்டு, மறுபடி அந்தக் கதையை ஆட்டுக்குட்டிகிட்டே சொல்லுவா!”

“அப்போ ஒரு குறையும் இல்லை” என்றாள் டீச்சர்.

புது மொழிக்குள் வந்து விழுகிற குழந்தை சில வாரம், சில சமயம் சில மாதம்கூட, பேசாமல் இருக்கும். பேசாமல் இருக்கிறதே தவிர சும்மா இருக்கவில்லை. காதால் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. நாற்றங்காலில் விதை விட்டுவிட்டுத் தினம் கிளறிப் பார்ப்போமா? இந்தப் பெண் வாய் திறந்த நாளை டீச்சர் எனக்கு நடித்தே காட்டினாள். டீச்சருக்குச் சொந்த ஊர் கோபிப் பக்கம். கன்னடம் இங்கே வந்த பிறகு கற்றது. ஒரு நாள் செம்பருத்தியைத் தூக்கிக் காட்டி, கன்னடத்தில் சொல்வதாக நினைத்து, “இது ஹாவு” என்றாளாம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது: “ஹாவு அல்ல டீச்சர், ஹூவு! ஹாவுன்னா பாம்பு!” ஐந்து மாத மௌனம், டீச்சரைத் திருத்துவதற்காகக் கலைந்தது. பாதி கன்னடம், பாதி தமிழ். அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லையாம்.

வீட்டு மொழியை நிறுத்தச் சொல்கிற யோசனை நம் ஊர்களிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ‘மம்மி, டாடி என்று பேசுங்கள், அப்போதுதான் இங்கிலீஷ் வரும்’ என்று நமக்கும் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். தனக்குச் சரளமாக வராத மொழியில் ஒரு தாய் என்ன பேசுவாள்? வா, போ, சாப்பிடு, எழுது, தூங்கு. கட்டளைகள்தான் மிஞ்சும். ‘ஏன் தெரியுமா?’, ‘அப்புறம் என்ன ஆச்சு?’, ‘அந்த ஆனை அப்போ என்ன நினைச்சிருக்கும்?’ என்று பேச்சு வளர வேண்டுமானால் அது தாய்க்கு வயிற்றிலிருந்து வருகிற மொழியாக இருக்க வேண்டும். காரண காரியம், முன்பு பின்பு, ஒருவேளை இப்படி இருந்தால் என்ற கற்பனை, இவையெல்லாம் ஒரு மொழியில் ஒரு முறை ஊன்றிவிட்டால் போதும். அடுத்த மொழிக்குப் பெயர்கள்தான் புதிது. யோசனை ஏற்கெனவே இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 1953-லேயே, ஆரம்பக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்று அறிக்கை கொடுத்துவிட்டது. இரண்டு மொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எண்ணினால் சொற்கள் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். இரண்டையும் கூட்டி எண்ண வேண்டும்.

இதை அந்த அம்மாவுக்கு டீச்சர் தமிழும் கன்னடமுமாகச் சொன்னாள். “அஜ்ஜி கதையை விட்டுடாதீங்க. தமிழை நான் பார்த்துக்கறேன்.” அவர் தலையாட்டினார். ஆனாலும் முகம் தெளியவில்லை. “அவங்கப்பாகிட்டே சொல்லிப் பாக்கறேனுங்க” என்று போனார். வேன் கதை நான் கிளம்பும்வரை முடிவாகவில்லை.

எழுத்து விஷயத்தில் தாளவாடிப் பிள்ளைகளுக்கு ஒரு லாபமும் ஒரு சிக்கலும் உண்டு. லாபம், தமிழ் எழுத்து எளிது. 247 என்று பயமுறுத்துகிறோமே தவிர, 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், கூடவே காலும் கொம்பும் கொக்கியும் தெரிந்தால் மற்றவை கூட்டல் கணக்குதான். கூட்டெழுத்து கிடையாது, ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. கன்னடத்தில் ‘அம்மா’ எழுத ஒரு ம-வுக்குக் கீழே இன்னொரு ம-வைத் தொங்கவிட வேண்டும். பெங்களூரில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்து 2007-ல் எழுதியிருக்கிறார். இந்த மாதிரி எழுத்து முறைகளைக் கற்று முடிக்க நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறதாம். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் கடகடவென்று வாசிக்கவில்லையே என்று தலையில் கை வைக்கிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழிலேயே, எங்கள் காலத்தில் ‘லை’க்கும் ‘ணை’க்கும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி போட வேண்டும். 1978-ல் அரசாணை போட்டு அதை எடுத்தார்கள். குழந்தைகளின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கிற்று. எனக்கு மட்டும் இன்னமும் அந்தத் தும்பிக்கை மேல் ஆசைதான்!

சிக்கல் என்னவென்றால், கன்னடத்தில் க வேறு, க³ வேறு என்று தனித்தனி எழுத்து. தமிழில் ‘காது’க்கும் அதே க, ‘தங்கம்’ என்பதற்கும் அதே க. “ரெண்டும் வேற சத்தம், ஏன் டீச்சர் ஒரே எழுத்து?” என்று கேட்கிறார்களாம். நம் பிள்ளைகள் இப்படிக் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்கள் காதுக்கு அது பழகிவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். ‘யானை’ என்பது இந்தக் குழந்தைகளுக்குப் புதிது; ‘ஆனை’ என்றால் உடனே புரிகிறது, அவர்கள் வீட்டிலும் ‘ஆனெ’தான். ‘கண்’ புதிது, ‘கண்ணு’ சொந்தம். நம் பேச்சுத் தமிழ்தான் கன்னடத்துக்குப் பக்கத்து வீடு. புத்தகத் தமிழ் இரண்டு தெரு தள்ளி. சரி, ஈரோட்டிலும் மதுரையிலும் பிறந்த நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன? வீட்டில் ‘தண்ணி’, புத்தகத்தில் ‘தண்ணீர்’. வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. ‘எலை’ என்று சொல்லிப் பழகிய வாய் ‘இலை’ என்று வாசிக்க வேண்டும். தமிழ்க் குழந்தையும் ஆறு வயதில் இன்னொரு தமிழைக் கற்கத்தான் பள்ளிக்குப் போகிறது. நாம் அதைக் கவனிக்காமல், “இதுகூடத் தெரியலையா?” என்கிறோம்.

டீச்சர் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரம் ஒரு நாள் பிள்ளை தன் வீட்டுக் கதையைச் சொல்லும். டீச்சர் சொன்னபடியே எழுதுவாள், திருத்தாமல். ஒரு நோட்டில் இப்படி இருந்தது: ‘நேத்து ராத்திரி ஆனெ வந்துச்சு. எங்க கோஸு தின்னுச்சு. அப்பா தகரம் தட்டுனாரு. ஆனெ போகல. அஜ்ஜி சாமி கும்பிட்டுச்சு. போயிருச்சு.’ பிள்ளைக்குத் தான் சொன்னதே எழுத்தில் வந்து நிற்பதால் எழுத்துக் கூட்டாமலே படித்துவிடுகிறது. பத்து நாள் கழித்து அதே கதையை எதிர்ப் பக்கத்தில் புத்தகத் தமிழில் எழுதுகிறார்கள். ‘நேற்று இரவு யானை வந்தது.’ இரண்டையும் பக்கத்தில் வைத்து எது எப்படி மாறியது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். ப–ஹ விளையாட்டில் பழகியவர்களுக்கு இது பிரமாதமா என்ன!

நீங்களும் வீட்டில் செய்யலாம், செலவு ஒரு நோட்டு. இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: சொன்னபடி எழுத வேண்டும், சிரிக்கக் கூடாது.

எந்தக் குழந்தை பேசாவிட்டாலும் ‘தானாக வரும்’ என்று விட்டுவிடுவதும் சரியல்ல. டீச்சர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் அளவுகோல். வீட்டு மொழியில் நன்றாகப் பேசி, பள்ளி மொழியில் தயங்கினால் காத்திருக்கலாம். வீட்டு மொழியிலேயே, ஐந்து வயது முடிந்தும், நேற்று நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை, வெளி மனிதர்களுக்குப் பேச்சு புரியவில்லை, இரண்டு காரியம் சேர்த்துச் சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறது என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலோ, காது ஒழுகினாலோ, பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும். பாதி கேட்கிற பிள்ளை பாதிதான் கற்கும்; நாமோ கவனமில்லை என்று அடிப்போம். மலையில் குளிருக்குச் சளி சகஜம் என்பதால் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் முதுகுப்புறம் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். பக்கா சோதனை அல்ல, ஆனால் இரண்டு பிள்ளைகளை அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிந்ததாம்.

தாளவாடிக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சத்தியிலிருந்து காலை பஸ்ஸே நல்லது. கார்காலத்தில் கம்பளி அவசியம். ராகிக்களிக்கு இங்கே ‘முத்தே’ என்று பெயர். அவரைக்காய்ச் சாறோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், சாயங்காலம் வரை பசிக்காது. மாலையில் தனியாக ரோட்டோரம் நடக்காதீர்கள், யானைக்கு நேரம் காலம் கிடையாது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் எல்லைக்கு அப்பால் சாமராஜநகர்; மைசூர் பட்டுப் பார்க்க ஆசை உள்ளவர்கள் அப்படியே போய்விடலாம். நான் போகவில்லை.

வீட்டில் பிள்ளைகள் படித்து முடித்த படக்கதைப் புத்தகங்கள் இருந்தால் அங்கே உள்ள ஏதாவது ஓர் ஆரம்பப் பள்ளியில் கொடுங்கள். பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு வரி, நிறையப் படம் உள்ளதாகப் பார்த்து. பழைய காலண்டர் தாளும் கொடுக்கலாம். ப–ஹ பட்டியல் சுவரில் இடமில்லாமல் இப்போது கதவுக்குப் போய்விட்டதாம். ‘செவி – கிவி’ என்று வேறொரு பட்டியலும் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று போன வாரம் டீச்சர் போனில் சொன்னாள்.